பேனாவுக்குக் காய்ச்சல்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. சாரலும் அதே நாளில் தொடங்கிவிட்டது. குடையை மறந்து பாதி வழி போய்த் திரும்பி வந்தேன். எங்கள் தென்காசியில் இதை மழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நனைவது நனைவதுதான்.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை எமிலி டீச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் நம் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய 'டேப்' அனுப்பியிருக்கிறாராம். சிலேட்டு போல ஒரு கண்ணாடித் திரை, அதன் மேல் வரைய ஒரு பேனா. வரைவதைப் பெரிய வெள்ளைத் திரையில் வகுப்பு முழுக்கப் பார்க்கலாமாம். இனி ஓவிய வகுப்பு வாரத்தில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் லேபில் நடக்கும். ஆகஸ்டில் மாவட்டத்து ஓவிய ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு மாதிரி வகுப்பு.

"நம்ம உலகம்மாள் டீச்சர்தான் அத்தனை பேரு முன்னாலயும் வரைஞ்சு காட்டப் போறாங்க!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டியபிறகுதான் அது நான் என்று உறைத்தது.

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடம் கரும்பலகையில் மயில். இந்த வருடம் நான் வரையவில்லை. கடைசி பெஞ்சு முப்பிடாதியைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். அது மயிலும் இல்லை, கோழியும் இல்லை. பரவாயில்லை. பிள்ளைகள் தாங்களே வரைந்தால்தான் கற்பார்கள். இது புதிய கல்விமுறை. போன வருடம் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. தவிர, சாக்பீஸ் எல்லாம் ஈரம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் காப்பி போட்டார். டம்ளரில் பாதிதான். "மிச்சம் எங்க?" என்றால், "பால் அவ்வளவுதான் உலகு" என்கிறார். அடுப்பில் சட்டியில் மீதி இருந்ததை நான் பார்த்தேன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து இருந்து, எதிலும் சில்லறை பிடிக்கும் புத்தி வந்துவிட்டது இவருக்கு.

ஜூன் 13, வியாழன்

வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிட்டேன். போட்டால் சாரல் அழித்துவிடுகிறது. எதிர்வீட்டு வாசலில் பெரிய கோலம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு மேல் சாரல் விழாது போலிருக்கிறது.

ஜூன் 19, புதன்

இன்று லேபுக்குப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

லேபைப் பார்த்துக்கொள்பவள் ரஹ்மத் நிஷா. கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். முப்பது வயதுகூட இருக்காது. வாய் மட்டும் ஐம்பது வயதுக்கு இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னாள். கழற்றினேன். கையில் எண்ணெய் இருக்கிறதா என்றாள். காட்டினேன்.

"நிஷா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. படம்னா கையில சாயம் ஒட்டணும். தாள் கிழியணும். தண்ணி கொட்டணும். இதுல என்ன இருக்கு?"

"இதுலயும் தண்ணி கொட்டலாம் டீச்சர். ஆனா அப்புறம் நான் வேலையில இருக்க மாட்டேன். மொதல்ல ஒரு கோடு போடுங்க."

பேனாவை எடுத்து இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தேன். சுவரில் தொங்கும் பெரிய திரையில் அந்தக் கோடு ஆள் உயரத்துக்கு வந்தது. நேர்கோடு அல்ல. சாரல் விழும் குளத்தின் கரை போல நெளிநெளியாக இருந்தது.

"பேனா சரியில்ல" என்றேன்.

வேறு பேனா கொடுத்தாள். அதுவும் அப்படியே. வேறு டேப். அதுவும் அப்படியே.

"இந்தப் பேனா எல்லாத்துக்கும் காய்ச்சல் போலிருக்கு" என்றேன்.

நிஷா என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே ஒரு கோடு இழுத்தாள். அது அளவுகோல் வைத்தது போல வந்தது. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நின்றன. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சட்டென்று திரையை அழித்துவிட்டு, "ஆமா டீச்சர், செட்டிங்ல ஏதோ கோளாறு. நான் பாத்து வைக்கேன், நாளைக்கு வாங்க" என்றாள்.

இயந்திரம் என்றால் இப்படித்தான். முதல் நாளே ரிப்பேர்.

ஜூன் 20, வியாழன்

சரியாகிவிட்டது! நான் சொன்னேன் அல்லவா, கோளாறு பேனாவில்தான்.

ஒரு கோடு இழுத்தேன், வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. வட்டம் போட்டேன். கிளி ஒன்று வரைந்தேன். கழுத்து வளைவு, மூக்கு, மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும் அந்தச் சின்ன மேடு. எத்தனை நாளாயிற்று ஒரு கிளியின் மூக்கை ஒரே இழுப்பில் வரைந்து! பேனா போனபின் கோடு ஒரு கணம் தாமதித்துப் பின்னாலேயே வருகிறது, பசுவுக்குப் பின்னால் கன்று வருவது போல. அதுகூட அழகாகத்தான் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். நிஷா தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் நெய்ச்சோறு பகிர்ந்தாள். "டீச்சர், நேத்து பாம்பு மாதிரி சீறிக்கிட்டு வந்தீங்க, இப்ப எந்திரிக்க மாட்டேங்கீங்க" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும், நல்ல கருவின்னா அது இப்படித்தான் கையோட பேசும்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

ஜூன் 28, வெள்ளி

ஒன்பதாம் வகுப்புக்கு லேபில் முதல் பாடம். ஒரு டேபுக்கு மூன்று பிள்ளைகள். என் வாழ்நாளில் இப்படிச் சிரித்த வகுப்பு இல்லை.

தப்பாகப் போட்ட கோட்டை ஒரு தட்டில் இல்லாமல் ஆக்கும் வித்தைக்கு 'அன்டூ' என்று பெயர். நிஷா அதைக் காட்டியதும் ஒரே கூச்சல். "டீச்சர், கணக்குப் பரீட்சைக்கு இது உண்டா?" என்றாள் ஒருத்தி. "எங்க அக்கா கல்யாணத்துக்கு இது இருந்திருந்தா நல்லா இருக்கும்" என்றாள் முப்பிடாதி. வகுப்பே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக அவளை ஒரு முறை முறைத்தேன்.

முப்பிடாதியின் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். எதை வரையச் சொன்னாலும் ஆடு வரைவாள். கோயில் கோபுரம் வரையச் சொன்னால் கோபுரத்தின் முன் ஆடு மேயும். தாளில் அவள் வரைந்ததை நான் எப்போதும் முடிந்தபிறகுதான் பார்த்திருக்கிறேன். இந்த டேபில், வரைந்து முடித்த படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், கல்யாண வீடியோ போல. அவள் படத்தை ஓட்டினோம். முதலில் நாலு குளம்பு. பிறகு கால்கள். பிறகு வயிறு. தலை கடைசியில்.

"ஏட்டி, எல்லாரும் தலையில இருந்துதானே ஆரம்பிப்பாங்க?"

"ஆடு நிக்கணும்லா டீச்சர். நிக்காத ஆட்டுக்குத் தல எதுக்கு?"

இத்தனை வருடமும் அவள் ஆட்டுக்குக் கழுத்து சின்னதாகப் போகிறது என்று நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். தாளின் மேல்பக்கம் இடம் தீர்ந்துபோவதுதான் காரணம் என்று இன்றுதான் தெரிந்தது. திரையில் படத்தை நகர்த்தி இடம் கொடுத்தேன். கழுத்து வந்தது. நல்ல திமிர் பிடித்த ஆடு.

ஜூலை 4, வியாழன்

எமிலி டீச்சர் லேபுக்கு வந்து என் கிளியைப் பார்த்துவிட்டு, மாதிரி வகுப்பின் அழைப்பிதழில் அதையே போடலாம் என்றார். பழைய ஓவிய அறைக்கு நான் போயே பல நாளாகிறது. அங்கே என்ன இருக்கிறது, தூசி.

ஜூலை 9, செவ்வாய்

இவர் இன்று குற்றாலம் சீசன் ஸ்பெஷலில் டூட்டி. வண்டி முழுக்க எண்ணெய்த் தலை, ஈரத் துண்டு. வந்து குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசம் ஊற்றப் போனேன், கரண்டியை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டார். இப்போதெல்லாம் ரசமும் மோரும் தானே ஊற்றிக்கொள்கிறார். எனக்கும் ஊற்றுகிறார். திருமணமான புதிதில்கூட இப்படிச் செய்ததில்லை. ஏதோ தப்புச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கேட்க வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன்.

வகுப்பில் டேப் ஒன்று சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. முப்பிடாதிக்கு என்னுடையதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல்.

"டீச்சர், ஒங்க டேபு மந்தமா இருக்கு. பேனா அங்க போயிட்டு, கோடு இங்கேயே நிக்கி."

"அது அப்படித்தான். நல்ல கோடு மெதுவாத்தான் வரும்."

"மத்த டேபுல எல்லாம் ஒடனே வருதே." அதற்குள் எதையோ தட்டித் திறந்துவிட்டாள். "டீச்சர், இதுல ஸ்டெபிலைசர்னு ஒண்ணு இருக்கு. ஒங்களுதுல தொண்ணூறு. எங்களுது எல்லாத்துலயும் சைபர். கொறைக்கட்டா?"

எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உர்ரென்று ஒரு பெட்டி இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்கினாலும் பிரிட்ஜுக்குத் தெரியாமல் சமாளித்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் ஸ்டெபிலைசர்.

நிஷாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் போனபின் கேட்டேன். "நீதான் வச்சியா?"

"ஆமா டீச்சர்."

"எப்ப?"

"மொத நாளே. நீங்க போனபிறகு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழுதுருவீங்கன்னு பயந்தேன். இல்லன்னா அடிச்சுருவீங்கன்னு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் சொல்லல. சத்தியமா."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இடது வலது மாறி மாட்டியிருந்தேன் என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

ஜூலை 18, வியாழன்

நிஷாவிடம் பேசவில்லை. ஓவிய அறையைத் திறந்து பெருக்கினேன்.

ஜூலை 19, வெள்ளி

பேசவில்லை. எதிரே வந்தாள். நான் நோட்டீஸ் போர்டைப் படித்தேன். போன வருட நோட்டீஸ்.

ஜூலை 22, திங்கள்

மத்தியானம் நிஷா சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து லேபுக்குப் போனேன். என் டேபைத் திறந்து, அந்த எண்ணைத் தொண்ணூறிலிருந்து சைபருக்கு இறக்கினேன். ஒரு கிளி வரைந்தேன்.

எழுதிவிடுகிறேன். என் வலது கை நடுங்குகிறது. போன தீபாவளிக்கு முன்பிருந்தே. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. எதையாவது பிடித்தால், குறிப்பாகச் சின்னதாக எதையாவது பிடித்தால், தொடங்கிவிடும். சாக்பீஸ் ஈரம் இல்லை. சாரல் கோலத்தை அழிக்கவில்லை. புதிய கல்விமுறை என்று எதுவும் எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அந்தப் பெரிய வியாதியின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயம். இன்னொரு பயமும் இருக்கிறது. பாட்டுக்காரிக்குத் தொண்டை போனால் என்ன செய்வார்கள்? ஓவிய டீச்சருக்குக் கை போனால் நூலகத்தில் உட்கார்த்திவைப்பார்கள். அந்த நூலகத்தில் ஜன்னல்கூட இல்லை.

கிளியைப் பார்த்தேன். எல்லா இறகும் சிலிர்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அழித்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் இவர் காப்பியை நீட்டினார். வழக்கம் போலப் பாதி. வாங்காமல், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"என் கை..."

"வெள்ளிக்கெழம பாளையங்கோட்டை போறோம்" என்றார். "நரம்பு டாக்டர். டூட்டிய மாத்தியாச்சு. நம்ம டிரைவர் அண்ணாச்சி மூலமா டோக்கனும் போட்டாச்சு."

"எப்ப இருந்து தெரியும்?"

"பொங்கலுக்கு எனக்குச் சட்டையில பட்டன் தச்சு குடுத்தியே, அப்ப இருந்து. ஊசியில நூல் கோக்க அரைமணி நேரம் ஆச்சு. பட்டன் வேற மாத்தித் தச்சுட்ட. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சட்ட கோணலாத்தான் நிக்கி."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பட்டன் மேல பழியப் போட்டிருப்ப."

உண்மைதான். பட்டன் மேல்தான் போட்டிருப்பேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போதுதான் அந்தப் பாதி டம்ளரின் கணக்கும் விளங்கியது. சிந்தாமல் இருக்கத்தான். நான் அவரை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் அவருக்குப் பிடித்த அவியல் வைக்க வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறது. ஒரே மாவட்டமாக இருந்த ஊர்தான், ஆனால் இங்கே சாரலும் இல்லை, காற்றும் இல்லை.

டாக்டர் இளைஞர், கண்ணாடி போட்டவர். நடக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் தந்து, "ஒரு சுருள் வரையுங்கம்மா. நத்தை ஓடு மாதிரி, உள்ள இருந்து வெளிய" என்றார்.

என்னையா! வருடம் முழுக்கப் பிள்ளைகளை வரையச் சொல்வது என் வேலை. என்னிடமே பரீட்சை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். ஓரமெல்லாம் பல் பல்லாக, அரம் போல வந்தது. டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒழுங்கா வந்தா எப்படி இருக்கும்னா..." என்று தானே ஒன்று வரைந்து காட்டினார்.

"டாக்டர், உங்க சுருள் நடுவுல ஒண்ணோடொண்ணு முட்டிக்கிட்டு நிக்கி. வெளிய வர வர இடைவெளி சமமா இருக்கணும்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே. இவர் என் காலை மிதித்தார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா என்ன வேல பாக்காங்க?"

"டிராயிங் டீச்சர்" என்றார் இவர், தாசில்தார் என்று சொல்வது போல.

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். நான் பயந்த பெரிய வியாதி இல்லை. கை வேலை செய்யும்போது மட்டும் வரும் நடுக்கம். நிறைய பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. உயிருக்கு ஒன்றும் செய்யாது. மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. காலப்போக்கில் கூடலாம், கூடாமலும் இருக்கலாம்.

"வரையலாமா டாக்டர்?"

"வரையாம இருந்தா சரியாகும்னு யாராவது சொன்னாங்களா? வரையுங்க. என் சுருளை வேணா அடுத்த தடவ வந்து திருத்திக் குடுங்க."

வெளியே வந்து அல்வா வாங்கினோம். இவர் சூடாகக் கடைவாசலிலேயே தின்றார். நான் கையில் வாங்கி, நடுங்க நடுங்க, எல்லார் முன்னாலும் தின்றேன். சேலையில் நெய் பட்டது. படட்டும்.

ஜூலை 29, திங்கள்

அல்வாப் பொட்டலத்துடன் லேபுக்குப் போனேன். நிஷா மெல்லிய துணியால் திரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையில எண்ணெய் இருக்கு" என்றேன்.

திரும்பிப் பார்த்தவள் துணியைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, சொல்லாம செஞ்சது தப்புதான்."

"சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனா?"

"மாட்டீங்க."

"பிறகு?"

"அதான் சொல்லல."

டீச்சர் என்பது அக்கா ஆகிவிட்டது. இருவரும் அல்வா தின்று, கை கழுவி, டேபை எடுத்து உட்கார்ந்தோம். தொண்ணூறில் ஒரு வளைவு, எண்பதில் ஒரு வளைவு என்று இறக்கிக்கொண்டே வந்தோம். தொண்ணூறில் நான் கோபமாக இழுத்தாலும் பொறுமையாக இழுத்தாலும் கோடு ஒரே மாதிரிதான் வருகிறது. "இது என் கோடு இல்ல நிஷா, மிஷினோட கோடு" என்றேன். நாற்பதுக்கு வந்தபோது நடுக்கம் லேசாகத் தெரிந்தது. ஆனால் கிளியின் மூக்கில் என் அவசரமும் தெரிந்தது. "இதுலயே நில்லு."

"மாதிரி வகுப்பு அன்னைக்குத் தொண்ணூறு வச்சுக்கிடுவோம் அக்கா. மாவட்டமே வருது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்டு 1, வியாழன்

யோசித்துவிட்டேன். தொண்ணூறு. வீரம் எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டு 8, வியாழன்

கை வலிக்கிறது, ஆனால் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையிலேயே அவை நிறைந்துவிட்டது. கடையநல்லூர், சுரண்டை, ஆலங்குளம், எங்கெங்கோ இருந்து ஓவிய ஆசிரியர்கள். எமிலி டீச்சர் பட்டுச் சேலை. முன்வரிசையில் அதிகாரிகள். நடுவில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், கையில் டேப். மேடையில் பெரிய திரை, பக்கத்தில் நான், ஓரமாக நிஷா.

பாடம் 'கோடு'. கிளி வரைந்தேன், கோபுரம் வரைந்தேன், குற்றால மலையின் விளிம்பை ஒரே இழுப்பில் இழுத்தேன். கை தட்டினார்கள். லேயர் என்பது கண்ணாடித் தாளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்குவது போல என்று காட்டினேன். முப்பிடாதியின் ஆட்டைக் குளம்பிலிருந்து ஓட்டிக் காட்டினேன். ஒரு பிள்ளை எந்த வரிசையில் யோசிக்கிறது என்பதை இதில் பார்க்கலாம், முடிந்த படத்தை வைத்து மட்டும் மதிப்பெண் போட வேண்டியதில்லை என்றேன். அதற்குப் பெரிய கைதட்டல். முப்பிடாதி எழுந்து நின்று கும்பிட்டாள்.

அப்போது சுரண்டைப் பள்ளி வேலாயுதம் சார் எழுந்தார். ஓய்வு பெறும் வயது, வெள்ளைச் சட்டை. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எல்லாம் அழகா இருக்கும்மா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதுல ஒங்க கை போட்ட கோடு எவ்வளவு, மிஷின் போட்ட கோடு எவ்வளவு? பிள்ளையளுக்கு நாம எதைச் சொல்லிக் குடுக்கோம்?"

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மழுப்ப ஆயிரம் பதில் இருந்தது. நிஷா ஓரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"காட்டுதேன் சார்" என்றேன்.

செட்டிங்கைப் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கத் திறந்தேன். தொண்ணூறு. அதை விரலால் இழுத்துச் சைபரில் விட்டேன். அதே மலையின் விளிம்பை, முதல் கோட்டுக்குக் கீழே, மறுபடி வரைந்தேன். மாத்திரை எல்லாம் அந்த நேரத்தில் வேலை செய்யுமா? கோடு நடுங்கி நடுங்கி ஊர்ந்து போயிற்று. ஆள் உயரத் திரையில், ஒவ்வொரு நடுக்கமும் ஒரு சாண். நிறுத்தவில்லை. மலை முடியும் வரை வரைந்தேன்.

"மேல இருக்கது மிஷினும் நானும் சேந்து போட்டது. கீழ இருக்கது நான் மட்டும். எனக்குக் கை நடுக்கம் இருக்கு. டாக்டர் பாத்தாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, மலை எங்க ஏறுது, எங்க சரியுது, ரெண்டுலயும் ஒண்ணுதான். அது கண்ணு பாத்தது. அதை மிஷின் போடல. அதைத்தான் நாம சொல்லிக் குடுக்கோம்."

யாரும் கை தட்டவில்லை. வேலாயுதம் சார் மெதுவாக உட்கார்ந்தார். எமிலி டீச்சர் கைக்குட்டையை எடுத்தார்.

பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். "பிள்ளைகளா, நீங்க இப்ப அந்த மலையில சாரல் விழுறத வரையுங்க."

பிள்ளைகள் குனிந்தார்கள். அப்போது முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கடைசியா மலைக்குப் போட்டீங்களே, அந்த பிரஷ் பேரு என்ன? எல்லாத்தையும் தேடிட்டேன், இதுல இல்ல."

"எதுக்குட்டி?"

"சாரலுக்கு அதுதான் சரியா வருது. மத்த பிரஷ்ல மழ கம்பி கம்பியா விழுது. சாரல் அப்படியா விழும்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வேலாயுதம் சார் என்று நினைக்கிறேன். பிறகு அவையே சிரித்தது, கை தட்டியது. நான் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், கண் துடைக்க. பிறகு சைபரிலேயே, நடுங்கும் கையால், மலை முழுக்கச் சாரல் வரைந்தேன். என் ஆயுளில் நான் வரைந்த நல்ல மழை அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் நிஷா வந்து காதில் சொன்னாள். மூன்று பேர் தனித்தனியாக வந்து, அந்த ஸ்டெபிலைசர் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போனார்களாம். மூவரும் தங்கள் நண்பர் ஒருவருக்காகக் கேட்டார்களாம்.

ஆகஸ்டு 9, வெள்ளி

எமிலி டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நூலகமோ என்று போனேன். "உலகம்மா, அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்கும் லேபுல வச்சுக்கிடுவோமா?" என்றார். கை பற்றிக் கேட்கவே இல்லை. வெளியே வரும்போது மட்டும், "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடு" என்றார்.

ஆகஸ்டு 24, சனி

வேலாயுதம் சார் விடவில்லை. அவர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க நானும் நிஷாவும் இன்று சுரண்டைக்குப் போனோம். போனது இவர் டூட்டி வண்டியிலேயே. ஏறியதும் டிரைவரிடமும், முன் சீட்டில் கீரைக் கூடையோடு இருந்த அம்மாளிடமும், "என் வீட்டம்மா, பயிற்சி குடுக்கப் போறாங்க" என்று சொல்லியாயிற்று. பிறகு எங்களிடம் வந்து, "எங்க போணும்?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டு டிக்கெட் கிழித்தார்.

சாலை போடும் வேலை நடக்கிறது. ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி உழவு மாடு போல ஆடிக்கொண்டு போயிற்று. பாடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று டேபை மடியில் வைத்துத் திறந்தேன். சைபரில் வைத்து ஒரு கோடு இழுத்தேன். நெளிந்தது.

"இங்க தாங்கக்கா, நான் போடுதேன்" என்று நிஷா வாங்கி, அவளுடைய பேர்பெற்ற நேர்கோட்டை இழுத்தாள். நெளிந்தது. மறுபடி இழுத்தாள். இன்னும் மோசம். "ஐயோ!" என்றாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கீரைக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பூரானா வரையுதீங்க?" என்றாள். பேனாவை அவள் கையில் கொடுத்தோம். அவளும் ஒன்று இழுத்தாள். இவர் பின்னாலிருந்து, "டிக்கெட் எடுக்காத ஆளு யாரு" என்று கத்திக்கொண்டே வந்து, நின்றபடியே தானும் ஒன்று இழுத்துவிட்டுப் போனார். திரையில் நாலு பேருடைய கோடும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை.

சுரண்டை நெருங்கியது. வண்டி நின்றால் எது யார் கோடு என்று தெரிந்துவிடும். நிற்பதற்குள் இன்னும் ஒன்று போடுவோம் என்று பேனாவை மறுபடி கையில் எடுத்தேன்.